தோட்டத்தில் மெஷின், தொழில், பொறியியலாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தேயிலை ஸ்டோர்களுக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு, மின்சார, இயந்திர வேலை பார்த்துக் கொடுக்கும் பொறியியலாளர் நான். தோட்டத்துக்குப் போனால் தொரை (தோட்ட முகாமையாளர்) ஒரு விதமாகக் கேட்பார், கங்காணி (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) வேறு விதமாகக் கேட்பார், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்னொரு விதமாகக் கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

மெஷின் வந்து ஆட்களின் பிழைப்பை மாற்றுவது இப்போது தொடங்கியதா?

இல்லை. ஒரு தொழில் படுத்து இன்னொரு தொழில் எழுந்ததால் உருவான இடம்தான் நம் மலையகம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது வருடம் போவதற்குள் கோப்பி முடிந்துவிட்டது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். முதலில் பங்களா விறாந்தையில் வைத்துக் கையால் உருட்டித்தான் தூள் செய்தார். பிறகு உருட்டுவதற்குத் தானே ஒரு மெஷின் செய்துகொண்டார். ஜாக்சன் ரோலரும் டேவிட்சனின் சிரொக்கோ டிரையரும் வந்தபின் ஸ்டோர் முழு ஆலையாகிவிட்டது. அந்த வகை ரோலர் இன்றைக்கும் பல ஸ்டோர்களில் சுற்றுகிறது. பித்தளை தேய்ந்தால் மாற்றுவோம், அவ்வளவுதான்.

எனக்கு மெஷினைவிட ஆட்களுக்கு நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் நிறைய ஆள் வேண்டும். நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்ப் பக்கமாக நடந்து வந்து, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கு வருடம் பூராவும் கை வேண்டும். பயிர் மாறியதும் குடும்பம் குடும்பமாக லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) தங்கிப்போனார்கள். இப்படி ஒரு சமூகம் இங்கே உருவாகும் என்று கணக்குப் போட்டு யாரும் பயிரை மாற்றவில்லை.

கொழுந்து வெட்டும் மெஷின் வந்தால் பெண்களுக்கு வேலை போகுமா?

சில இடங்களில் குறையும். ஆனால் தோட்டம் நடத்துபவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிக்கே போகிறது. நாட்கூலி 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. அது போதாது என்பது தொழிலாளியின் நியாயம். அதற்கிடையில் இளசுகள் கொழும்புக்குப் போய்விட்டதால், கூலி கொடுக்க ஆயத்தமாக இருந்தாலும் மலைக்கு ஆள் கிடைப்பதில்லை. பல தோட்டங்களில் மெஷின் ஆளைத் துரத்திவிட்டு வரவில்லை. ஆள் போன இடத்துக்கு வந்திருக்கிறது.

சரி, அது வேலை செய்யுமா? கை பார்த்துப் பறிக்கும், மெஷின் பார்க்காது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், முற்றிய இலை, குச்சி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டிப் பைக்குள் தள்ளும். வீபி தேயிலை (விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த செடி) சீராக வளர்ந்திருக்கும் மலையில் ஓரளவுக்குச் சரிவரும். பழைய விதைத் தேயிலை, நடுவில் கல், குறுக்கே வடிகான், செங்குத்துச் சரிவு என்றால் மெஷினின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடப்பதே கஷ்டம். ஜப்பானில் அந்த மெஷின் அழகாக ஓடுகிறதென்றால், அங்கே தேயிலையை மெஷினுக்கென்றே வரிசை கட்டி வளர்க்கிறார்கள்.

அப்புறம் ஸ்டோர் பக்கம் வாருங்கள். முற்றிய இலையும் தளிரும் கலந்து வந்தால் வாடுவது சீராக இருக்காது. நாரும் குச்சியும் கூடும். கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடும். மெஷின் விற்க வருபவரின் விலைப்பட்டியலில் இந்த நட்டம் இருக்காது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எழுத்தில் கொடுப்பது பொறியியலாளரின் வேலை. "மெஷின் நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இன்னொன்று, பெண்கள் பறித்த மலைக்கு மெஷின் வந்ததும் அதை ஆண்கள் கையில் கொடுத்துவிட்டுப் பெண்களைச் சாக்குத் தூக்க விடுவது. மெஷின் ஓட்டுபவருக்குக் கூலி கூட, சாக்குத் தூக்குபவருக்குக் குறைவு. "பெண்களால் அதைத் தூக்க முடியாது" என்பார்கள். முப்பது வருடம் கூடை சுமந்து மலை ஏறியவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எடை குறைந்த பட்டரி மெஷின்கள் இருக்கின்றன, தோள்பட்டி மாற்றலாம், கைப்பிடியின் உயரத்தை மாற்றலாம். வாங்கும் முன்பே, ஓட்டப்போகிறவர்களை மலைக்குக் கூட்டிப்போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மெஷின் வந்துவிட்டது என்று சொல்லி ஆளை நிறுத்த முடியுமா?

சும்மா முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தாது. நடைமுறையில் யாரும் நேராக நிறுத்துவதில்லை. பென்ஷன் வயதில் போனவருக்குப் பதிலாக ஆள் எடுக்கமாட்டார்கள், அல்லது வேலையைக் கொந்தரப்புக்கு (ஒப்பந்தத்துக்கு) விட்டுவிடுவார்கள். அந்த வழியை இந்தச் சட்டம் மறிக்கவில்லை.

டிஜிட்டல் தராசு வந்தால் நிறுவையில் நடக்கும் அநியாயம் ஒழியுமா?

நான் அதிகம் வாதாடியது இந்த விஷயத்தில்தான். ஒழியலாம். அதே அநியாயம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறவும் செய்யலாம்.

பழைய தொங்கு தராசில் முள் ஆடும். அது எங்கே நின்றது என்று கணக்கப்பிள்ளை சொல்வதுதான் எடை. டிஜிட்டல் தராசில் எண் எல்லோருக்கும் தெரியும், துண்டுச் சீட்டு வரும், சில இடங்களில் போனுக்கே செய்தி வரும். நல்லது. இப்போது சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தராசு 8.9 காட்டுகிறது, சீட்டில் 8 என்று இருக்கிறது. தசமத்தை வெட்டிவிடு என்று மென்பொருளில் யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார். எழுதியவர் மலையையே பார்த்திராதவராக இருக்கலாம், முழு எண் என்றால் சுத்தமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

வெட்டுப்படுவது ஒரு நிறுவைக்குச் சராசரியாக அரைக் கிலோ. நாளுக்கு மூன்று நிறுவை என்றால் ஒன்றரைக் கிலோ. 40 பேர் எடுக்கும் மலையில் 60 கிலோ பச்சைக் கொழுந்து. நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால், நாளுக்கு 13 கிலோ தூள் யார் பேரிலும் ஏறாமல் ஸ்டோருக்குள் போகிறது. யாரும் திருடவில்லை. கணக்கப்பிள்ளையிடம் சண்டை போட்டால் "நான் என்ன செய்ய, மெஷின் அப்படித்தான் காட்டுது" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். முன்பு எதிர்த்துக் கேட்க ஒரு மனிதராவது எதிரில் நின்றார்.

அந்த ஒரு வரியை எழுதியவரும் அதைச் சோதித்து ஏற்றுக்கொண்டவரும் ஒரு கூலிப் பிரச்சினையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். தசமத்தோடு பதிந்து, மாத முடிவில் கூட்டுத்தொகையை மட்டும் முழுமையாக்கினால் போதும். மென்பொருளுக்கு அது ஒரு சுமையே இல்லை.

சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதும் அப்படித்தான். வெறும் சாக்கை ஒரு தடவை நிறுத்துப் பதிந்தால் அதன் எடை தெரிந்துவிடும், ஊகித்துக் கழிக்கத் தேவையில்லை. ஈரம் கொஞ்சம் சிக்கல். மழைநாளில் இலையில் உண்மையாகவே தண்ணீர் நிற்கும். ஆனால் மழைக்கு வைத்த கழிவு நல்ல வெயில் நாளிலும் நிரலில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தால்? மொத்தம், கழிவு, மிச்சம் மூன்றையும் தமிழில் தனித்தனியாகச் சீட்டில் அச்சிடச் சொல்லுங்கள்.

தராசு சரியா என்று பார்ப்பதற்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. வியாபாரத் தராசில் அதன் முத்திரை இருக்க வேண்டும். அதோடு தினமும் காலையில், எடை தெரிந்த ஒரு படிக்கல்லை எல்லோர் முன்னாலும் வைத்துக் காட்டுவது நல்ல பழக்கம். தராசைச் சரிவில் வைக்காதீர்கள். தரை சமமாக இல்லாவிட்டால் எண்ணும் சரியாக வராது.

பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) விரல் ரேகை வைக்கச் சொல்கிறார்கள், மெஷின் எடுப்பதில்லையே?

கொழுந்து எடுத்து எடுத்து விரல் தோல் தேய்ந்திருக்கும், கறை பிடித்திருக்கும், மழைக்காலத்தில் ஊறிப்போயிருக்கும். அலுவலகத்துக்கென்று செய்த மெஷினை மலையில் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான். ரேகை எடுக்காவிட்டால் பேர் போடாமல் விடக்கூடாது. கையால் பதிய மாற்றுவழி ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ரேகை என்பது சொந்தத் தகவல் என்பதையும் மறக்க வேண்டாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்றே 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. யாரிடம் சேமிக்கிறார்கள், வேலையை விட்டுப் போனால் அழிப்பார்களா என்று தொழிற்சங்கம் கேட்கலாம்.

ஸ்டோரில் எந்த மாற்றத்துக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பும்?

என்னைக் கேட்டால், கொழுந்தை வாட்டும் தொட்டிகளின் விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாடு. விசிறி எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடிக் குறையும். வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மின்சாரம் பாதியாகிவிடும். கொழுந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொட்டியில் கிடக்கிறது. பிந்திய நேரத்தில் முழுக் காற்று தேவையே இல்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியபோது, அதுவரை இதைக் காதில் போட்டுக்கொள்ளாத ஸ்டோர்களும் தேடி வந்தன. யாருடைய வேலையும் போகாத மாற்றம் இது.

கலர் சோர்ட்டர் அப்படியல்ல. கமெரா ஒவ்வொரு துணுக்கையும் பார்த்து, குச்சியையும் நாரையும் காற்றால் ஊதித் தள்ளிவிடும். நாள் முழுக்கக் குனிந்திருந்து குச்சி பொறுக்கிய பெண்களின் இடத்துக்கு அது வந்தது. அந்த வேலை முதுகையும் கண்ணையும் தின்னும் வேலை என்பதால் அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அதைச் செய்தவர்களுக்கு வேறு என்ன கொடுத்தார்கள் என்பதில்தான் வருத்தம்.

"மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டு" என்று மேலிருந்து சொன்னால் என்ன செய்வது?

ஓட்டக்கூடாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சுழலும் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று சொல்கிறது. பெல்ட்டுக்குப் பக்கத்தில் முந்தானை பறந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் மறுநாளே மூடி மூலைக்குப் போய்விடும். அது ஏன் கழற்றப்படுகிறது என்று பாருங்கள். கொழுந்து அடைத்துக்கொண்டால் எட்டு நட்டைக் கழற்றி, துப்புரவு செய்து, மறுபடி பூட்ட இருபது நிமிடம் போகும். பின்னால் லொறியில் கொழுந்து சூடேறிக்கொண்டிருக்கும், டீமேக்கர் (ஸ்டோரில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) கத்துவார். கழற்றுபவர் முட்டாள் அல்ல. மூடியைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்து, திறந்தால் மோட்டார் தானாக நிற்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். மோசமாக வடிவமைத்த மூடியை மாட்டிவிட்டு "பாதுகாப்பு உத்தரவை மீறினார்" என்று தொழிலாளி தலையில் போடுவது நம் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம்.

திருத்த வேலை செய்யும்போது பிரதான சுவிட்சுக்கு ஆமைப்பூட்டு போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள். சொல்லியும் கேட்காவிட்டால் திகதி போட்டுக் கடிதம் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்களிடம் போகலாம்.

பொறியியலாளரின் பொறுப்பு என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் வேர் 1906க்குப் போகிறது. அதன் ஒழுக்கக் கோவை பொதுமக்களின் பாதுகாப்பையும் நலனையும் முன்னுக்கு வைக்கிறது; சம்பளம் கொடுப்பவரின் விருப்பம் அதற்குப் பிறகுதான். பொறியியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் பேரவை ஒன்றும் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சம்பளம் கொடுப்பவர் கூப்பிட்டுப் பேசும் நாளில்தான் இதெல்லாம் எவ்வளவு கைகொடுக்கும் என்று தெரியும்.

பெரிய மின்திட்டங்களில் பொறியியலாளர்கள் நமக்கு நல்லது செய்தார்களா, கெடுதல் செய்தார்களா?

இரண்டும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றி ஆய்வுரை எழுதி, மஸ்கெலியாப் பக்கத்து ஆறுகளால் நாட்டுக்கு மின்சாரம் தர முடியும் என்றார். மேலிருந்தவர்கள் அசையவில்லை. வேலையை விட்டுவிட்டு 1931இல் அரசாங்க சபைக்கே போய்ப் பேசினார். பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. பிடிவாதமான பொறியியலாளர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது போதும். அதே நேரம், கொழும்பில் விளக்கு எரிந்த பிறகும் பல பத்தாண்டுகளுக்கு அந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த லயங்களில் குப்பி விளக்குத்தான். பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் தண்ணீருக்கடியில் போனது. வரட்சி வந்தால் கோயில் தலைகாட்டும், ஆட்கள் பார்க்கப் போவார்கள்.

உமா ஓயா நீர்மின் திட்டம் அண்மைக் கதை. டயரபாவிலிருந்து ரந்தெனிய வரை 15 கிலோமீட்டர் அளவுக்கு மலைக்குள் சுரங்கம் குடைந்தார்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் பெருமளவு தண்ணீர் பாய்ந்தது. அது வேறெங்கிருந்தும் வந்த தண்ணீர் அல்ல, பண்டாரவளைப் பக்கத்து மலைகளின் நிலத்தடி நீர். மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. பாறையில் வெடிப்புகள் எங்கே ஓடுகின்றன, அவற்றில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைக் குடைவதற்கு முன்பே ஆராய வேண்டும். முன்னால் துளையிட்டுப் பார்த்து, சீமெந்துக் கலவையைச் செலுத்தி அடைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குக் காலமும் காசும் பிடிக்கும். 120 மெகாவோட் திட்டம் 2024இல் திறக்கப்பட்டது, மின்சாரம் வருகிறது. கிணறு வற்றியவரின் கணக்கில் இதை எப்படி எழுதுவது என்று எந்தத் திட்ட அறிக்கையும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை.

மண்சரிவு எச்சரிக்கை இப்போது போனுக்கே வருகிறதே, அது போதாதா?

எச்சரிக்கைக்கு அடிப்படை மழையளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு. தோட்டத்திலேயே ஒரு மழைமானி இருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியபோது, அந்த இடம் ஆபத்தானது என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி கொடுக்கப்படவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோதும் லயத்தில் இருந்தவர்களின் கேள்வி அதேதான்: "வெளியேறச் சொல்றீங்க, எங்கே போறது?" வரைபடத்தில் சிவப்புக் கோடு கீறிவிட்டு, அறிக்கையைக் கொழும்புக்கு ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்கும் பொறியியலாளரை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். லயத்துக்குப் போய்த் தமிழில் சொல்ல வேண்டும், எந்தப் பாதை, எந்தக் கட்டடம், யார் திறப்பார் என்பது வரைக்கும்.

டவுனில் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இதில் என்ன?

அட்டன் டவுனில் கொமியூனிகேஷன் கடைகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குப் போன் பேச வரிசையில் நின்றார்கள். கைப்பேசி வந்ததும் அந்த வருமானம் போனது. தாக்குப்பிடித்தவர்கள் போட்டோப் பிரதி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று மாறிக்கொண்டார்கள். ஆட்கள் அங்கே போவது மெஷினுக்காக மட்டுமல்ல. படிவம் விளங்காதவருக்குப் பொறுமையாக நிரப்பிக் கொடுக்கும் ஒருவருக்காகவும்தான். ஏலமும் மாறியதுதானே. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தில், ஒன்லைனுக்குப் போய்விட்டது.

செயற்கை நுண்ணறிவு வந்தால் டீமேக்கர் வேலை போய்விடுமா?

வெப்பம், ஈரப்பதம், கொழுந்தின் நிறம் எல்லாவற்றையும் கருவி அளக்கும். அரைத்த கொழுந்து பதத்துக்கு வந்துவிட்டதா என்று டீமேக்கர் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துச் சொல்வதை இன்னும் நம்பகமாகச் செய்த மெஷினை நான் பார்க்கவில்லை. நாளைக்கு வரலாம். வந்தால் அது படித்தது எதிலிருந்து? வருடக்கணக்காக அவர் இரவு விழித்து எழுதிய பதிவேட்டிலிருந்து. அந்தப் பதிவேட்டைக் கம்பனி மென்பொருள்காரரிடம் கொடுக்கும்போது டீமேக்கருக்கும் ஒரு பங்கு எழுதச் சொல்லி நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிரித்தார்கள். திரும்பவும் கேட்பேன்.

என் பிள்ளை பொறியியல் படிக்க ஆசைப்படுகிறது. எங்கே தொடங்குவது?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு, அதனால் சாதாரண தரம் எழுதும்போதே எந்தப் பாடசாலை என்று தேடுங்கள். 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழிதான், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். பட்டம் கிடைக்காவிட்டால் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் வழியாகப் படிப்படியாக ஏறலாம். நான் வேலை செய்த ஸ்டோர்களில் ரோலரின் சத்தத்தை வைத்தே பெயாரிங் போகப்போகிறது என்று சொன்னவர்கள் பட்டதாரிகள் அல்ல, மெஷினைப் பூட்டித் திருத்தும் பிட்டர்கள். ஆங்கிலத்தை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள், கையேடுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.